காவேரிக்குக் காது எட்டவில்லை

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, சுவரோரமாக வரிசையில் நின்ற சிறு குழந்தைகளை. எல்லோரும் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைப் பிடித்திருந்தார்கள். எல்லாத் தலைகளும் வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தலைமை ஆசிரியர் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், பேனாவைக்கூடத் திறக்கவில்லை. வரிசைக்கு வெளியே, ஒரு தாயின் இடுப்பில் இருந்த மூன்று வயதுப் பையனும் காதைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. தலைமை ஆசிரியருக்கும் புரியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

இதை இப்போது எழுதக் காரணம், சென்ற மாதம் ஓர் இளம் அலுவலர் என் வீட்டுக்கு வந்து கேட்ட கேள்வி. இன்று பல ஊர்களில் அரசுப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே மழலையர் வகுப்பு நடக்கிறது. அங்கன்வாடியையும் தொடக்கப் பள்ளியையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். “உங்க காலத்துல இதெல்லாம் எப்படிம்மா செஞ்சீங்க?” என்று அந்தப் பெண் கேட்டார். நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்ல முடியும். சரியாகச் செய்தோமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

நான் வேலைக்கு வந்தது பால்வாடிகளின், அதாவது இன்றைய அங்கன்வாடிகளின், மேற்பார்வையாளராக. அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் சேலத்தில் ஒரு நாளிதழில் பிழை திருத்தினேன். அங்கே செய்தி ஆசிரியர் ஒருவர், நிருபர்கள் எழுதி அனுப்பும் செய்திகளில் பாதியை அடித்துவிடுவார். “எத்தனை மணி, என்ன பார்த்தே, யாரு என்ன சொன்னாங்க. இவ்வளவுதான் எழுது. நீ என்ன நெனச்சேங்கறது கடைசிப் பத்தி. இடம் இல்லேன்னா முதல்ல வெட்டுறது அதைத்தான்” என்பார். அந்தப் பழக்கம் என்னோடு தங்கிவிட்டது. அதன் பிறகு பயிற்சி, தேர்வு, மொரப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பணி நியமனம். சேலத்திலேயே அறை எடுத்துத் தங்கி, பஸ்ஸிலும் ரயிலிலும் போய் வந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பால்வாடிகளும் தொடக்கப் பள்ளிகளும் இணைந்து செயல்பட வேண்டும். பள்ளி எதிர்பார்ப்பதற்கு ஏற்பப் பால்வாடிக் குழந்தைகளைத் தயார்ப்படுத்த வேண்டும். சில வரிகள்தான்.

எங்கள் திட்ட அலுவலர் எந்தச் சுற்றறிக்கையையும் மூன்று முறை உரக்கப் படிப்பார். முதல் முறை வேகமாக, தபால் வாசிப்பதுபோல. இரண்டாம் முறை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. மூன்றாம் முறை எழுந்து நின்றுகொண்டு. படித்து முடித்ததும் எங்களைக் கேட்கமாட்டார். ஜன்னலுக்கு வெளியே ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும் டிரைவரைத்தான் கேட்பார்.

“என்னப்பா, இணைந்து செயல்படணுமாம். உனக்கு என்ன தோணுது?”

“டீசல் போடணும்னு தோணுதுங்க.”

“பாத்தீங்களா, அவன் ஒருத்தனுக்குத்தான் என்ன செய்யணும்னு தெரியுது.” இதைச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன பண்றீங்கன்னா, ஒவ்வொரு ஊர்லயும் வாத்தியாரையும் பால்வாடி டீச்சரையும் ஒண்ணா உக்கார வைங்க. உக்காந்தாங்கன்னாலே பாதி இணைஞ்ச மாதிரி.”

அவர் சொன்னது எளிதான வேலையாகத் தெரிந்தது. நான் சொல்லப்போகும் ஊரில் பள்ளிக்கும் பால்வாடிக்கும் இடையே ஒரு தார்ச் சாலை மட்டும்தான். சாலைக்கு மேற்கே தொடக்கப் பள்ளி. கிழக்கே மாதா கோயிலை ஒட்டிய ஓர் அறையில் பால்வாடி. பால்வாடி ஆசிரியை ஆரோக்கியமேரி அந்த ஊர்க்காரர். கணவருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. தலைமை ஆசிரியர் கோவிந்தசாமி, அரூரிலிருந்து சைக்கிளில் வருவார். இருவரும் தினமும் ஒரே சாலையைக் கடந்தார்கள். ஒருவர் இடத்துக்கு மற்றவர் போனதில்லை.

கூட்டத்தைப் பள்ளியில் வைத்தேன். மேரி நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். இரண்டு முறை சொன்ன பிறகு விளிம்பில் உட்கார்ந்தார். நான் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, பள்ளி என்ன எதிர்பார்க்கிறது என்று கோவிந்தசாமியிடம் கேட்டேன்.

“எதிர்பார்க்க என்னம்மா இருக்கு. வர்றப்ப காதைத் தொட்டா போதும்.”

அவர் பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார். இன்றைய இளையவர்களுக்காக இதை விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் கிராமத்துப் பிள்ளைகளில் பலருக்குப் பிறப்புச் சான்று கிடையாது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். முடிந்துவிட்டதா என்று பார்க்க ஒரு முறை இருந்தது. பிள்ளை வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட வேண்டும். ஐந்து வயதுக்குள் கை அவ்வளவு நீளாது என்பது கணக்கு. தொட்டால் சேர்ப்பார்கள். தொடாவிட்டால் அடுத்த ஆண்டு. பிறந்த தேதி என்ற இடத்தில் தலைமை ஆசிரியர் ஐந்து ஆண்டு முந்தைய ஜூன் மாதம் ஒன்றாம் தேதி என்று எழுதிவிடுவார்.

“வேற ஒண்ணும் வேணாமுங்களா? பாட்டு, கலரு, எண்ணுறது?” என்று மேரி கேட்டார்.

“அதெல்லாம் நாங்க சொல்லிக் குடுத்துக்கறோம். போன வருசம் வயசு பத்தாத புள்ளைங்களச் சேத்துட்டேன்னு எனக்கு மெமோ குடுத்தாங்க. காது தொடட்டும், அது போதும்.”

மேரி தலையாட்டினார். கூட்டம் சுமுகமாக முடிந்தது என்று நான் அறிக்கை எழுதினேன்.

இப்போது அந்த ஜூன் காலைக்குத் திரும்புகிறேன்.

கோவிந்தசாமி நாற்காலியை விட்டு எழுந்தார். இடுப்பில் இருந்த மூன்று வயதுப் பையனிடம் போய், “கையை எடுடா சாமி” என்றார். பையன் எடுத்துவிட்டு மறுபடி பிடித்தான்.

“யாரும்மா இவுங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?”

மேரி முன்னால் வந்தார். முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. “நான்தாங்க சார். நீங்க சொன்னீங்கல்ல. தெனமும் காலையில பாட்டோட பண்ணுவோம். தலையச் சாய்ச்சுக்கிட்டா எல்லாருக்கும் எட்டுதுங்க.”

கோவிந்தசாமி என்னைப் பார்த்தார். நான் மேரியைப் பார்த்தேன். வயதைப் பார்ப்பதற்காக வைத்திருந்த சோதனையை மேரி பாடமாக எடுத்து நடத்திவிட்டார். சுற்றறிக்கை சொன்னதை அப்படியே செய்த ஒரே பால்வாடி என் வட்டாரத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

“வயசை எப்படிம்மா சொல்லிக் குடுப்பீங்க?” என்றார் கோவிந்தசாமி.

“வயசை இல்லீங்க, காதைத் தொடத்தான்.”

பின்னால் நின்ற தாய்மார்கள் சிரித்தார்கள். ஒருத்தி, “எம் மாமியாரையும் கூட்டியாறட்டுங்களா சார், அவங்களுக்கும் எட்டும்” என்றாள். கோவிந்தசாமி சிரிக்கவில்லை. ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியவர் அவர். உதவி ஆசிரியரைக் கூப்பிட்டார். ஒவ்வொரு பிள்ளையையும் பின்னந்தலை சுவரில் படும்படி நிறுத்தச் சொன்னார். உதவி ஆசிரியர் இரண்டு உள்ளங்கைகளாலும் பிள்ளையின் தலையை நேராகப் பிடித்துக்கொள்ள, அதற்குப் பிறகுதான் கையைத் தூக்க வேண்டும்.

சில பிள்ளைகள் தேறினார்கள். சிலர் அழுதார்கள். தினமும் தலையைச் சாய்த்தே பழகியவர்களுக்கு நேராக நின்று எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. பின்னாலிருந்து மேரி, “சாயாத தங்கம், சாயாத” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தீர்த்தகிரி என்ற பையன் வந்தான். தலையைப் பிடித்ததும் கையைத் தூக்கிக் காதைப் பிடித்து இழுத்தே காட்டினான். “போ, ஒண்ணாங்கிளாஸ்” என்றார் கோவிந்தசாமி. அடுத்து அவனுடைய அக்கா காவேரி. பால்வாடியில் எனக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளை. நான் போகும்போதெல்லாம் பாய் எடுத்துப் போடுவாள். மற்ற பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிடுவாள். அவள் சுவரோடு ஒட்டி நின்று கையைத் தூக்கினாள். விரல்கள் தலைமுடியின் ஓரம்வரை வந்து நின்றன. மறுபடி முயன்றாள். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு முயன்றாள்.

“அடுத்த வருசம் வா பாப்பா.”

 அவர்களுடைய தாய் மாதம்மாள் முன்னால் வந்து சொன்னாள்: “சார், இவதான் பெரியவ. அவன் இவளுக்கு அடுத்துப் பொறந்தவன்.”

“எந்த வருசம்மா பொறந்தா?”

“எலெக்சன் வருசமுங்க.”

“எந்த எலெக்சன்? அதான் நெனச்சப்பெல்லாம் வருதே.”

“ஓட்டுப் போட்டுட்டு வந்தப்ப வலி எடுத்துச்சுங்க. யாருக்குப் போட்டேன்னுகூட ஞாபகம் இருக்குது.”

மறுபடி சிரிப்பு. கோவிந்தசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். “அம்மா, நீங்க சொல்றத நான் நம்புறேன். அடுத்த மாசம் வர்ற அதிகாரி நம்பமாட்டாரு. புள்ளைய நிக்க வெச்சுக் கையத் தூக்கச் சொல்லுவாரு. இவளுக்கு எட்டலைன்னா எனக்கு இன்னொரு மெமோ.”

“அப்ப தம்பி மட்டும்?”

“அவனுக்கு எட்டுது.”

சட்டப்படி அது சரி. ஊருக்கே தெரிந்த உண்மைப்படி தவறு. நான் அங்கே நின்று இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன். தம்பிக்கு ஐந்து வயது முடியவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவனைத் தள்ளினால் இரண்டு பேருக்கும் இடம் இல்லை. அவனைச் சேர்ப்பது தவறு என்று சொல்லி எனக்கு என்ன கிடைக்கும், காவேரிக்கு என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை. பேசாமல் இருந்தேன்.

பெற்றோருக்கு இருந்த சிக்கல் அன்று மதியம்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. மாதம்மாளும் கணவனும் வியாழக்கிழமை சாயங்காலம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளையை ஊரில் மாமன் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். பகலில் பள்ளிக்கூடமும் மதியச் சாப்பாடும் பார்த்துக்கொள்ளும். மாமன் பெண்டாட்டி இரவுக்கு மட்டும் சம்மதித்திருந்தாள். இடம் இல்லாத பிள்ளையை யாரும் பகலெல்லாம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அது தாயோடு கட்டடத்துக்குத்தான் போக வேண்டும். போன பிள்ளைகள் ஜல்லி அள்ளக் கற்றுக்கொண்டுதான் திரும்புவார்கள். திரும்பி வந்து ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பால்வாடியிலேயே இன்னோர் ஆண்டு வைத்துக்கொள்ளலாமே என்று மேரியிடம் கேட்டேன். சாலையைக் கடந்து அவர் அறைக்கு வந்திருந்தோம். உதவியாளர் ஆயா உருண்டை பிடித்த சத்துமாவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“அவளுக்கு ஆறு நடக்குதுங்கம்மா. என்கிட்ட அஞ்சு வரைக்கும்தான்” என்றார் மேரி.

“ஒரு வயசு குறைச்சு எழுதிக்கலாம்.”

“எழுதமாட்டேன்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். “தெரிஞ்சே பொய் எழுத மாட்டேங்கம்மா. பக்கத்துலயே கோயில் இருக்குது, அடுத்த சுவத்துலதான் மாதா நிக்கிறாங்க. சார் தப்பு பண்ணிட்டு நான் பொய் எழுதணுமா?”

“தப்பு சாரோடதா?”

“பின்ன யாரோடது?” இதைக் கேட்டுவிட்டு அவரே நிறுத்தினார். “நான் சாய்க்கச் சொல்லிக் குடுக்காம இருந்திருந்தா சார் தலையப் பிடிச்சிருக்கமாட்டாரு. சும்மா பாத்துட்டு உள்ள அனுப்பியிருப்பாரு. இல்லீங்களா?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஆனால் தலையைச் சாய்க்காமலும் தம்பிக்கு எட்டியது, அக்காவுக்கு எட்டவில்லை. அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. மேரியிடம் கேட்டேன்.

“அவன் வயித்துல இருக்கிறப்பவே அவங்கம்மாவுக்கு நான் மாவு குடுத்தேன். நடக்க ஆரம்பிச்சதுல இருந்து இங்கதான் சாப்பாடு. தெனமும் முதல் உருண்டை அவனுக்குத்தான்.” அவர் பெருமையாகச் சொன்னார். “காவேரி பொறந்தப்ப இந்த ஊருக்குப் பால்வாடியே வரலீங்க.”

சொல்லி முடித்ததும் எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தார். அது ஆயாவின் வேலை. ஆயா ஒதுங்கி நின்றார்.

அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. பையனின் தகப்பன் நல்ல உயரம். தாய் குட்டை. பெண் தாயைக் கொண்டு பிறந்திருக்கலாம். குழந்தைப் பருவத்தில் அவளுக்கு அம்மை வந்ததாகவும் சொன்னார்கள். நாங்கள் போட்ட சோறு அவனை மூத்தவனாக்கிவிட்டதா என்ற கேள்வியோடு அன்று மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். ரயில் வந்ததும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு போர்ட்டர் தட்டிச் சொன்னார்.

மறுநாள் திட்ட அலுவலரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.  கடைசியில், “இரு. யாருக்கு வயசு அதிகம்?” என்றார்.

“அக்காவுக்குங்க.”

“யாரு பள்ளிக்கூடத்துல?”

“தம்பி.”

“பால்வாடியில?”

“யாரும் இல்லைங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். “என்னப்பா, உங்க வூட்டுல யாரு பெரியவங்க?”

“எங்க வூட்டுல எப்பவும் எம் பெண்டாட்டிதாங்க பெரியவ” என்றார் டிரைவர்.

“வண்டிய எடு” என்றார் திட்ட அலுவலர்.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஜீப் பள்ளிக்கூட வாசலில் நின்றது. மாதம்மாளையும் இரண்டு பிள்ளைகளையும் வரச் சொல்லியிருந்தேன். எங்கள் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகளை முன்னால் நிறுத்தினார்.

“உங்க ரெண்டு பேர்ல யாரு பெரியவங்க?”

“நானு” என்றாள் காவேரி. “இவனை நான்தான் தூக்கிட்டு வருவேன்.”

“இப்ப நான் நடந்துதான் வர்றேன்” என்றான் தீர்த்தகிரி.

“தொப்பூர் கணவாய்ல லாரி ஏறுற மாதிரி நடப்பான் சார்” என்றாள் அவள்.

அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேசும்போது கீழ்ப்பல் ஒன்று ஆடியது. நானும் அதைப் பார்த்தேன். அவர் கோவிந்தசாமியிடம், “பல்லு விழப் போவுதுங்களே வாத்தியாரே, ஆறு வயசுலதானே விழும்” என்றார்.

“பல்லைப் பாத்துச் சேக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லீங்களே ஐயா. உத்தரவு குடுங்க, ஊர்ல எல்லாப் பல்லையும் பாத்துடறேன்.”

“ரெண்டு பேரையும் ரெட்டைன்னு எழுதிட்டா?”

“ரெட்டையில ஒண்ணுக்கு எட்டுது, ஒண்ணுக்கு எட்டலைன்னு எழுதுறதுங்களா?”

 அதிகாரி பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்தார். மூன்று முறை ஏற்கெனவே படித்தது. நான்காம் முறை படித்தார், இம்முறை மனதுக்குள். நாங்கள் நின்றோம். சாலையில் ஒரு பஸ் போனது. மாதம்மாள் அதைத் திரும்பிப் பார்த்தாள். சாயங்காலம் அவர்கள் ஏற வேண்டியதும் அதே பஸ்தான்.

மேரி கதவருகில் நின்றிருந்தார். இந்த முறை நாற்காலியில் உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர்தான் முதலில் பேசினார்.

“சார், அவளை எங்கிட்டயே வெச்சுக்கறேன். நாலுன்னு எழுதிக்கறேன். சாப்பாடு நான் போட்டுடறேன். பாடம் நடக்கிறப்ப மட்டும் உங்க ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார இடம் குடுங்க.”

“நீங்க பொய் எழுத மாட்டேன்னு சொன்னதா அம்மா சொன்னாங்களே” என்றார் அதிகாரி.

“பாவசங்கீர்த்தனத்துல பாதர்கிட்ட சொல்லிக்கறேங்க. எனக்குச் சொல்றதுக்கு எடம் இருக்குது. சாருக்குத்தான் கிடையாது.”

கோவிந்தசாமி முதல் முறையாகச் சிரித்தார்.  “உக்காரட்டும். பேரு கூப்பிட மாட்டேன். அதிகாரி யாராவது வந்தா ரோட்டைத் தாண்டி உங்ககிட்ட ஓடி வந்துடணும். சொல்லி வையுங்க.”

“ஓடுவா. ஓட நல்லா வரும்.”

அதிகாரி சுற்றறிக்கையை மடித்தார். “இணைந்து செயல்படறதுங்கறது இதுதானா?” என்று என்னிடம் கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன்.

ஆனால் யாருமே மாதம்மாளைக் கேட்கவில்லை. அவள் இரண்டு பிள்ளைகளின் தோளிலும் கை வைத்தபடி நின்றிருந்தாள். “ஏங்கம்மா,” என்று என்னைக் கூப்பிட்டாள். “பேரு கூப்பிடாத பள்ளிக்கூடத்துல புள்ளைய எப்படிங்க வுட்டுட்டுப் போறது? நாளைக்கு இவரு மாறிப் போயிட்டா? வர்றவரு யாருடி நீன்னு கேட்டா இவ என்ன சொல்லுவா?”

 அவளுடைய கேள்விதான் அன்று கேட்கப்பட்டவற்றில் சரியானது என்று எனக்குப் பட்டது. “யோசிச்சுக்கம்மா, சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குது” என்றார் அதிகாரி. ஜீப் கிளம்பியது. நான் ஏறவில்லை.

மாலை ஐந்தரை மணிக்கு பஸ் நிறுத்தத்தில் அவர்களைப் பார்த்தேன். மாதம்மாளின் கணவன் சட்டி பானைகளைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்திருந்தான். மாமன் பெண்டாட்டி தீர்த்தகிரியின் கையைப் பிடித்திருந்தாள். காவேரி தாயின் பக்கத்தில் நின்றாள். அவள் கையில் ஒரு சிறிய துணி மூட்டை இருந்தது.

மேரி சாலையைக் கடந்து வரவில்லை. பால்வாடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோவிந்தசாமி வழக்கமாக நாலரைக்கே சைக்கிளில் கிளம்பிவிடுவார். அன்று பள்ளிக்கூட வாசலில் சைக்கிளைச் சாய்த்து, சங்கிலியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலி நன்றாகத்தான் இருந்தது.

பஸ் வந்தது. கணவன் சாக்கை மேலே ஏற்றினான். மாதம்மாள் படியில் ஒரு கால் வைத்தாள். திரும்பி வந்தாள். காவேரியின் கையிலிருந்த மூட்டையை வாங்கி மாமன் பெண்டாட்டியிடம் கொடுத்தாள்.

“தம்பி பேரைக் கூப்பிட்டா நீயும் சேந்து சொல்லு” என்றாள் காவேரியிடம். “யாராச்சும் கேட்டா, அவன் அக்கான்னு சொல்லு.”

பஸ் போன பிறகு கோவிந்தசாமி சைக்கிளில் ஏறினார்.

அந்த ஆண்டு முழுவதும் அவள் அப்படியே இருந்தாள். நான் போகும்போது சில நாள் அவளை மேற்கே பள்ளியில் பார்த்தேன், சில நாள் கிழக்கே பால்வாடியில். காலையில் வருகை எடுக்கும்போது, “தீர்த்தகிரி” என்று கூப்பிட்டால் இரண்டு குரல்கள் “உள்ளேன் ஐயா” என்றன. கோவிந்தசாமி நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். மதியம் மணி அடித்ததும் சாலையைக் கடந்து மேரியிடம் சாப்பிடப் போவாள். ஒரு முறை அதிகாரி ஒருவர் பள்ளிக்கு வந்தபோது ஓடியும் வந்தாள். எதிரே பஸ் வந்ததைப் பார்க்காமல் ஓடினாள். அதற்குப் பிறகு ஆயாவைச் சாலையோரம் நிற்கச் சொன்னார் மேரி. இது யாருடைய திட்டத்திலும் இல்லாத ஏற்பாடு. பிள்ளைக்கு நல்லதா கெட்டதா என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத் தோன்றியது. அவள் எழுத்துக்களைத் தம்பிக்கு முன்பே கற்றுக்கொண்டாள். ஆனால் யாராவது புதியவர் பெயர் கேட்டால் உடனே சொல்லமாட்டாள். கேட்டவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள்.

அடுத்த ஜூனில் அவளைச் சுவரோரம் நிறுத்தினார்கள். உதவி ஆசிரியர் தலையைப் பிடிக்க வந்தார். கோவிந்தசாமி வேண்டாம் என்று கை காட்டினார். அவள் தலையைச் சாய்க்காமலே கையைத் தூக்கினாள். நகம் காதைத் தொட்டது. அவர் ஒன்றாம் வகுப்பில் அவள் பெயரை எழுதி, பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று போட்டார். தம்பி இரண்டாம் வகுப்புக்குப் போனான். மேரி அன்று பால்வாடிப் பிள்ளைகளுக்குப் பாட்டை மாற்றியிருந்தார். அதில் காது இல்லை.

அதன் பிறகு எனக்கு வேறு வட்டாரம் கொடுத்தார்கள். அங்கும் கூட்டங்கள் நடத்தினேன். பள்ளி என்ன எதிர்பார்க்கிறது என்று மறுபடி யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளைகளை ஒரு நாள் முன்னதாகவே பள்ளிக்கு அழைத்துப் போய் உட்கார வைத்துவிடுவோம். அது நல்ல பலன் தந்தது என்று அறிக்கைகளில் எழுதினேன். வேறு எதையாவது செய்திருந்தால் இதைவிட நல்ல பலன் வந்திருக்குமா என்பது தெரியாது.

ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, ஒரு மாலை நான்கு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டி இரண்டு பேர் கல்யாணப் பத்திரிகை கொடுத்தார்கள். ஆண் பஸ் கண்டக்டர், மகளுக்குக் கல்யாணம். பெண் சேலத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தக் கண்டக்டர்தான் சொன்னார்.

“நான் தீர்த்தகிரிங்கம்மா. இவங்க எங்க அக்கா. என்னைவிட ஒரு வயசு சின்னவங்க.”

இருவருடைய ஆதார் அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது.